மாருதி 800 ஹெட்டில் வால்வுத் தேர்வு

மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினில் மூன்று சிலிண்டர்கள். சிலிண்டருக்கு ஓர் இன்லெட், ஓர் எக்ஸாஸ்ட் என மொத்தம் ஆறு வால்வுகள். டைமிங் பெல்ட் மேலேயுள்ள ஒரே கேம்ஷாஃப்டைச் சுழற்ற, ராக்கர் ஆர்ம்கள் வால்வுகளைத் திறக்கின்றன. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் இந்த எளிய இன்ஜினைக் கொண்டுதான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் பந்தயம் பழக அது வழி திறந்தது. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான்.

வால்வுகள் அமைந்த இந்த இன்ஜினின் ஹெட்டை வேகத்துக்காக மாற்றும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது கேம். வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது கிராங்க் சுழலும் டிகிரியில் சொல்லப்படும். நீண்ட திறப்புள்ள கேம் அதிக ஆர்பிஎம்மில் சிலிண்டரை நன்றாக நிரப்பும். குறைந்த வேகத்தில் உள்ளே வந்த காற்றையே திரும்பத் தள்ளிவிடும், ஐடிலிங்கும் தடுமாறும். கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற குறுகிய, வளைவு மிகுந்த தடத்தில் வளைவிலிருந்து வெளியேறும் இழுவைதான் நேரத்தை மிச்சப்படுத்தும். உச்ச வேகத்துக்கான கேமை அங்கே பூட்டுவது வீண் செலவு.

புதுக் கேம் கிடைக்காதபோது பழையதையே தேய்த்து வடிவம் மாற்றுவது வழக்கம். கேமின் உயர்ந்த முனையான மூக்கைத் தொடாமல் அடிவட்டத்தைக் குறைத்தால், வால்வு திறக்கும் உயரமான லிஃப்ட் கூடும். ஆனால் கடினப்படுத்திய மேல்தோலைத் தாண்டித் தேய்க்கும் கல் இறங்கிவிட்டால் அந்தக் கேம் சீக்கிரமே தேய்ந்துபோகும். அடிவட்டம் சிறுக்கும்போது ராக்கர் கேமைத் தொடும் இடமும் நகரும். வால்வு இடைவெளியை ஸ்க்ரூவில் சரிசெய்துவிட்டால் போதாது, தொடுதடத்தை மை பூசிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வால்வின் அளவு. 68.5 மி.மீ. சிலிண்டர் துளைக்குள் இரண்டு வால்வுகளும் அடங்க வேண்டும் என்பதால் பெரிதாக்க அதிக இடமில்லை. பெரிய வால்வு மட்டும் போட்டுப் பயனுமில்லை. லிஃப்ட், வால்வு விட்டத்தில் கால்பங்கை எட்டும்போதுதான் அதைச் சுற்றித் திறக்கும் வழி வால்வு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிறது: 32 மி.மீ. வால்வுக்கு 8 மி.மீ. லிஃப்ட். அதற்கும் குறைவான லிஃப்டில் காற்றை அடக்குவது வால்வு உட்காரும் சீட் அருகேயுள்ள குறுகிய வழிதான்.

ஆகவே சீட் வேலைக்கு மதிப்பு அதிகம். 45 டிகிரி சீட்டுக்கு மேலே 30, கீழே 60 என மூன்று கோணம் வெட்டினால் காற்று முறியாமல் திரும்பும். எக்ஸாஸ்ட் சீட்டைச் சற்று அகலமாக விடுவார்கள். சூடேறிய அந்த வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. பிறகு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, கைப்பிடியால் முன்னும் பின்னும் உருட்டித் தேய்ப்பது. கரகரவென்ற சத்தம் மென்மையாவதைக் காதால் கேட்டே பழகிய கை நிறுத்திவிடும். சீட்டில் சாம்பல் நிற வளையம் எங்கும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிவைத்து, வால்வுத் தலையின் ஓரம் கசியவில்லை என்றால் வேலை சரி. சாலையில் ஓடும் காருக்கு இந்த வேலையும் தொழிற்சாலைக் கேமுமே போதும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது ஸ்பிரிங்கில். 7000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3500 முறை, அதாவது நொடிக்கு 58 முறை திறந்து மூடுகிறது. வால்வை அடக்கத் தேவையான விசை ஆர்பிஎம்மின் வர்க்கமாகக் கூடும். 6000-இலிருந்து 7000-க்குப் போனால் 36 சதவீதம் அதிகம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ராக்கர் கேமை விட்டு விலகும், வால்வு சீட்டில் துள்ளும், பிஸ்டனையும் தொடக்கூடும். அதற்குப் பயந்து மிகக் கடினமான ஸ்பிரிங் போடுவதும் தவறு: கேமும் ராக்கர் முகமும் தேயும், பெல்ட்டின் சுமை கூடும். முதலில் வால்வு, ரிடெய்னர், லாக் ஆகியவற்றின் எடையைக் குறைத்துவிட்டு, அந்த எடைக்குத் தேவையான அளவு ஸ்பிரிங்கைத் தேர்வதே முறை. டெஸ்டரில் வைத்து, மூடிய உயரத்திலும் முழுத் திறப்பு உயரத்திலும் ஆறு ஸ்பிரிங்கையும் தனித்தனியே அளந்து, வேறுபாட்டை ஷிம் வைத்துச் சரிசெய்வார்கள். முழுத் திறப்பில் சுருள்கள் ஒட்டிக்கொள்ளாமல் குறைந்தது 1 மி.மீ. மிச்சமிருக்க வேண்டும். ரிடெய்னரின் அடிப்பகுதி கைடு சீலில் இடிக்கக் கூடாது. லிஃப்ட் கூட்டிய ஹெட்களில் பலர் மறப்பது இதைத்தான்.

கடைசியாக வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் தலையில் மென்களிமண் வைத்து ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பிவிட்டுப் பிரித்தால் வால்வின் தடம் அதில் பதிந்திருக்கும். களிமண்ணை வெட்டி மெல்லிய இடத்தை அளப்பார்கள். இன்லெட்டுக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. குறைந்தால் பிஸ்டனில் வால்வுக்குக் குழி வெட்ட வேண்டும், அல்லது கேமை மாற்ற வேண்டும்.