பெயர் தெரியாத் தொண்டர்கள்

கணிப்பொறியில் என் பாட்டைப் பதிவு செய்யும்போதெல்லாம் நெஞ்சில் நன்றி சுரக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகளாக ஒலி உள்ளே வருகிறது. 64 மாதிரிகளை ஒரு கட்டாகக் கொண்டால், ஒரு கட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 1.33 மில்லி நொடிதான். அதற்குள் வேலை முடியாவிட்டால் 'சடக்'கென்று பாட்டு அறுந்துவிடும். இங்கே வேகத்தைவிடக் காலந்தவறாமையே பெரிது.

லினக்ஸ் கெர்னலுக்கு இப்பண்பைப் புகட்ட 2004-இல் இங்கோ மோல்னார் தொடங்கி, தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் வளர்த்த பணி, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில்தான் மூலத்தோடு இணைந்தது. இருபது ஆண்டுகள்! அதுவரை, புதுக் கெர்னல் வருந்தோறும் அத்திருத்தங்களைப் பொருத்தி இசைக்கலைஞர்களுக்கு வழங்கியோரில் பலர் ஊதியம் கருதாத தொண்டர்கள்.

பாட்டு அறாமல் ஒலிக்கையில் அவர்களை யாரும் நினைப்பதில்லை. அதுவே அவர்கள் வெற்றி. ஆயினும் நண்பர்களே, நாம் நினைப்பதன்றோ முறை?