கொம்பைக் கீழே வைக்க முடியாது!

ஜார்ஜியா நாட்டில் விருந்துக்குப் போனால் வயிற்றோடு நாக்கையும் தயார் செய்துகொண்டு போக வேண்டும். விருந்துக்கு அங்கே ‘சுப்ரா’ என்று பெயர். நடத்துகிறவர் ‘தமாதா’. அவர் எழுந்து வாழ்த்துச் சொல்லாமல் யாரும் ஒயினைத் தொடக் கூடாது!

திபிலிசியில் டாக்டருக்குப் படிக்கும் என் அண்ணன் மகனின் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம். ககேதி பக்கம் ஒரு கிராமம். மண்ணில் புதைத்த ‘க்வெவ்ரி’ என்கிற தாழியில் ஊறிய ஒயின். இந்தத் தயாரிப்பு முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு மட்டும் மாதுளை ஜூஸ். ‘தப்பிச்சோம்டா சாமி’ என்று கச்சாபுரியை (சீஸ் வைத்த ரொட்டி) பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கடவுளுக்கு, சமாதானத்துக்கு, தாய்நாட்டுக்கு என்று வாழ்த்துகள் வரிசையாகப் போயின. பிறகு, இறந்தவர்களுக்கு. எல்லோரும் எழுந்தார்கள். தமாதா என்னைப் பார்த்து, “அலவெர்தி!” என்றார். ‘இதே விஷயத்தை இனி நீ பேசு’ என்று அர்த்தமாம். கையில் ஜூஸ் நிரப்பிய மாட்டுக்கொம்பு வேறு. அடி கூர் என்பதால் காலியாகும்வரை கீழே வைக்க முடியாது!

“என்னடா சொல்றது?”

“அலங்காரமெல்லாம் வேணாம் சித்தப்பா. தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்.”

என் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறிவிட்டு, தான் சாப்பிட மறந்தவர் அப்பா. அதைச் சொன்னேன். நாலே வாக்கியம். எதிரிலிருந்த கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்த்தவனும்தான்.

ஊரில் அப்பாவின் பதிமூன்றாம் நாள் காரியத்தில் நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்!