பையில் ஏறாத காய்

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு போனால், கரும்பும் வேர்க்கடலையும் கூடவே வரும். ஊருக்குள் தறிச் சத்தம். ஆந்திர எல்லையை ஒட்டிய பூமி. அங்கே கிருஷ்ணாபுரம் அணை திறந்தால், இங்கே கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். தறி நின்ற வாரம் நெசவாளர் வீட்டுக் குழம்பில் முதலில் குறைவது காய்தான்.

2020-ல் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, சத்துணவுப் பிள்ளைகளுக்கான அரிசியும் பருப்பும் பள்ளி வழியாகவே வீடுகளுக்குப் போயின. பிறகு முட்டையும் சேர்ந்தது. ஊரடங்கில் வாங்க ஆளில்லாமல் தோட்டத்திலேயே வீணான காய் மட்டும் அந்தப் பையில் ஏறவில்லை.

வழி இன்றும் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 15.7.2024 அன்று இதே மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் ஊரக அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

பறிகூலிகூடத் தேறாத வாரத்தில், காயை வரப்பில் கொட்டுமுன் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிப் பாருங்கள். பூசணி, முருங்கை, கத்திரி முதலில் போகட்டும். கீரை என்றால் அன்று பறித்து அன்றே கொடுங்கள். மருந்து அடித்திருந்தால் காத்திருப்பு நாள் முடியட்டும். பறிகூலியை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதுவும் விவசாயி தலையில் விழுந்தால், இரண்டாம் வாரம் பை வெறுமையாகத்தான் போகும்.