புகைக்கூட்டுக்குள் ஒரு குழாய்

அரிப்புக் கடற்கரையில் ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிபாடு நிற்கிறது. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய டொரிக் மாளிகை அது. செங்கல் கட்டு, சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. போன ஆடியில் அதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்தேன். அங்கே ஒரு மேசன் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு ஒரு குசினியின் புகையை வெளியேற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நான் வந்தது அந்த வேலையைப் பார்க்கத்தான்.

குசினியைக் கட்டியவர் வீட்டுக்கார அக்காவின் மாமனார். 2007இல் போர் வந்து ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது கூரையில்லை, கதவுமில்லை, நிலையுமில்லை. புகைக்கூடு மட்டும் நின்றது. அதை இடிக்க மனம் வராமல் அதை ஒட்டியே புது வீட்டை எழுப்பினார்கள். பிறகு காஸ் அடுப்பு வந்தது, கூடு சும்மா கிடந்தது. 2021 ஒக்ரோபரில் 2,675 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த விலை கொடுக்கவும் ஆளிருந்தது, சிலிண்டர்தான் இல்லை. அக்கா மறுபடி விறகுக்கு வந்தார்.

முதலில் வாங்கியது அனகி அடுப்பு. சுட்ட மண்ணில் ஒரே துண்டாகச் செய்தது. விறகு வைக்க ஒரு வாய், மேலே இரண்டு சட்டிக்கு இடம். முதற்சட்டியைத் தாண்டும் சூடு இரண்டாவதையும் வேகவைப்பதால் விறகு மிச்சம். ஆனால் அதற்குப் புகைக்குழாய் கிடையாது. புகைக்கூட்டுக்கு நேர் கீழே வைத்துப் பார்த்தார். புகை மேலே போகாமல் முகத்துக்கே திரும்பியது.

"கூடு நல்ல கூடுதான் தம்பி. இந்த அடுப்புக்குப் பெரிசு" என்றார் மேசன். அந்தக் கூட்டின் உள்வாய் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. மூன்று கல் வைத்துப் பெருநெருப்பு எரித்த காலத்தின் அளவு அது. சிறிய அடுப்பின் புகைக்கு நாலு அங்குலக் குழாய் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குழாயின் வாயைவிடக் கூட்டின் வாய் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் பெரிது. 200 பாகைச் சூட்டில் காற்று, வெளிக்காற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். அந்த இலேசுதான் புகையைத் தூக்குகிறது. அகன்ற கூட்டுக்குள் போனதும் புகை பரந்து, குளிர்ந்து, கனத்து, ஏற மாட்டாமல் நிற்கிறது. கீழே திறந்திருக்கும் பெருவாய் வழியே குசினிக் காற்றும் உள்ளே புகுந்து இருக்கிற சூட்டையும் கெடுக்கிறது.

குளிர்நாடுகளில் விறகு அடுப்பைப் பழைய புகைபோக்கியோடு இணைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குகிறார்கள். அரிப்பில் அதற்கு வசதியில்லை. சாதாரணத் தகரத்தை உப்புக்காற்று அதிக நாள் விட்டுவைக்காது. அதனால் மேசன் சுடுமண் குழாய் எடுத்தார். இரண்டடித் துண்டுகள், மொத்தம் ஏழு.

முதலில் கூட்டைத் துப்புரவாக்கினார். நீளக் கயிற்றில் தேங்காய்ப் பொச்சுக் கட்டு ஒன்றைக் கட்டி மேலிருந்து இழுத்தார். கரியோடு ஒரு அணில் கூடும் விழுந்தது. பிறகு தூக்குக்குண்டு விட்டுக் கூடு நேராக நிற்கிறதா என்று பார்த்தார். கீழே செங்கல் மேடை கட்டி முதற்குழாயை இருத்தினார். மற்றவற்றை மேலிருந்து கயிற்றில் ஒவ்வொன்றாக இறக்க, கீழே நின்ற அவருடைய மகன் கைக்கெட்டியவற்றைப் பொருத்தினான். குழாய்க்கும் கூட்டுச் சுவருக்கும் நடுவே உமிச்சாம்பல் கொட்டினார்கள். குழாயின் சூட்டை அது வெளியே விடாது.

குழைத்த களியைத்தான் கிட்ட இருந்து பார்த்தேன். முருங்கன் பக்கத்துக் கருங்களி ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ரயிலில் போனது. காய்ந்தால் வெடிக்கும் மண் அது. மேசன் ஒரு பங்கு களிக்கு இரண்டு பங்கு மணலும் ஒரு பிடி உமியும் சேர்த்துக் காலால் மிதித்தார். கையளவு உருட்டி வெயிலில் வைத்து, ஒரு மணிநேரம் கழித்து நகத்தால் கீறிப் பார்த்தார். வெடிப்பில்லை. "சீமெந்து பூசினால் நெருப்பு அதை உதிர்த்துப்போடும். களியெண்டால் நெருப்பு சுட்டு இறுக்கும்" என்றார்.

அனகியை ஓரமாக வைத்துவிட்டு, அதே அமைப்பில் செங்கல்லும் களியும் கொண்டு புது அடுப்பு கட்டினார். இரண்டாவது சட்டிக்குப் பின்னே புகைவாய். அங்கிருந்து குழாய்க்குப் போகும் வழி சிறிது மேல்நோக்கிச் சரிந்தது. அதன் நுனி சுடுமண் குழாய்க்குள் நீட்டவில்லை, சுவரோடு சரிமட்டமாக நின்றது. நீட்டினால் ஏறிவரும் புகையை மறிக்குமாம். சட்டி இருக்கும் விளிம்பிலும் களி வைத்து, அந்த வீட்டுச் சட்டியையே அழுத்தி அச்செடுத்தார். கூட்டின் பழைய பெருவாயைச் செங்கல் வைத்து முழுதாக அடைத்தார்.

மிச்சம் காற்று. ஆடிச் சோளகம் கடற்பக்கமிருந்து கூரையில் மோதிக் கீழே உருளும். கூட்டின் தலை முகட்டைவிடத் தாழ்ந்திருந்தால் புகையைத் திருப்பி அடிக்கும். ஆகவே முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தி, மேலே பலகைக்கல் மூடி, நாலு பக்கமும் துளை விட்டார்.

இந்தக் கவனங்களில் ஒன்று தவறினாலும் அடுப்பு வீண். இந்தியாவில் 1983இல் தொடங்கி 2002இல் முடிந்த மேம்பட்ட அடுப்புத் திட்டம் கோடிக்கணக்கில் அடுப்புக் கொடுத்தது. பெருந்தொகையானவை வெடித்தும் குழாய் அடைத்தும் கைவிடப்பட்டன. திரும்பிப் போய்ப் பார்க்க ஆளில்லை. வீட்டுக்குள் எரிபொருட் புகையால் 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அடுப்பைக் கணக்கெடுக்கும் அரசுகள் அடுப்பைக் கூட்டோடு சேர்க்கும் மேசன்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும், வருடத்துக்கொரு முறை வந்து பார்க்கக் கூலியும் கொடுக்க வேண்டும். இது பெண்களின் நெஞ்சுக்கும் கண்ணுக்குமான செலவு.

களி காய ஐந்து நாள் விட்டு மறுபடி போனேன். அக்கா காய்ந்த பனையோலை நுனியைக் கொளுத்திப் புகைவாயில் காட்டினார். சுடர் சாய்ந்து உள்ளே இழுபட்டது. உடைவிறகு பிடித்ததும் அவர் குனிந்து ஊதவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணை மூடவுமில்லை. "புகையில் கிடந்த விதைநெல்லுக்கு இனி வண்டு வருமே" என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு மேசன், வேப்பிலை போட்டு வைக்கச் சொன்னார்.

போகுமுன் அக்காவைக் கூட்டின் அடிக்கு அழைத்தார். அங்கே ஒரு செங்கல்லைக் களி பூசாமல் விட்டு, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார். "இரண்டு கிழமைக்கு ஒருக்கா இதை இழுத்துக் கரியை வாருங்க அக்கா. ஈர விறகு வைக்காதேங்க, தார் பிடிக்கும்." அக்கா கல்லை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக வந்தது. திரும்பச் செருகினார். இன்னொரு முறை இழுத்து, செருகி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனார்.