பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சனிக்கிழமை

சென்னையில் கார் வாங்கியவன் முதலில் போகிற இடம் வடபழனி முருகன் கோயில். எலுமிச்சம்பழம் நசுக்க. இரண்டாவதாகப் போகிற இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பர்ஸ் நசுங்க!

மவுண்ட் ரோட்டிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் திரும்பும் இந்தச் சாலையில் வண்டியை நுழைத்த அடுத்த நொடி, பத்துப் பேர் நம்மோடு ஓடி வருவார்கள். பயப்படாதீர்கள். தேர்தல் பிரசாரம் அல்ல.

''சீட் கவரா சார்? மேட்டா? கேமராவா? செட்டா?''

''சும்மாதாம்பா வந்தேன்.''

''சும்மாவுக்கும் அயிட்டம் இருக்கு சார், ஓரங்கட்டுங்க!''

இங்கே கடை என்பது கடைக்குள் இல்லை. ரோட்டில்தான். கதவைக் கழற்றிப் போட்ட கார்கள், டாஷ்போர்டு பிளந்து குடல் தொங்கும் கார்கள், சீட்டே இல்லாத கார்கள். கழற்றிய பின் சீட்டை பிளாட்பாரத்தில் போட்டு, அதில் குடும்பத்தோடு உட்கார்ந்து கரும்பு ஜூஸ் குடிக்கிறார் ஓனர். ஒரு காலத்தில் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டத்தான் இங்கே பெருங்கூட்டம். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒட்டினவர்களே பிறகு கூலி வாங்கிக்கொண்டு உரித்தும் கொடுத்தார்கள். வியாபாரம் என்றால் அது!

நான் அலங்காரம் பண்ண வரவில்லை. ஒரு ராத்திரி நடந்த கதைக்குக் காரணம் கண்டுபிடிக்க வந்தேன்.

என்னுடையது 2009 மாடல் மாருதி 800. செகண்ட் ஹாண்ட். விற்றவர் வண்டியைக் காட்டவே இல்லை. டிக்கியைத் திறந்து, குட்டி பீரோ சைஸ் ஸ்பீக்கர் பெட்டியையும், பக்கத்தில் '1200 வாட்ஸ்' என்று தங்க எழுத்தில் பொறித்த ஆம்ப்ளிஃபயரையும்தான் காட்டினார். ஒரு குத்துப் பாட்டு போட்டார். நம்பர் பிளேட் ஆடியது. நான் விழுந்தேன்.

வாங்கிய பிறகு மூன்று வியாதிகள் தெரிந்தன. ஒன்று, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாட்டுக்கு நடுவே 'ஙொய்ய்ங்' என்று ஒரு விசில், மிதிக்க மிதிக்க சுருதி ஏறும். இரண்டு, சத்தத்தைக் கூட்டினால் 'டொப்'பென்று ஆம்ப் அணைந்து, கொஞ்சம் பொறுத்துத் தானே வரும். மூன்றாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கே தெரியாது.

வண்டி வந்த முதல் மூன்று ஞாயிறும் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் காட்டிவிட்டு வந்தோம். நான்காவது வாரம் காட்டுவதற்குச் சொந்தம் மிச்சமில்லை. சனிக்கிழமை மத்தியானம் நிறுத்திய வண்டி, ஞாயிறு முழுக்க வாசலிலேயே நின்றது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா என் அறைக் கதவைத் தட்டினார். கையை நெஞ்சில் வைத்திருந்தார். ''ஒண்ணுமில்லடா, லேசா அமுக்கற மாதிரி இருக்கு'' என்றார். முகமெல்லாம் வியர்வை.

அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருகினேன். 'டிக்'. மறுபடி திருகினேன். அந்த 'டிக்'கும் வரவில்லை.

நானும் மனைவியும் தள்ளினோம். நைட்டியோடு அவள் தள்ள, நான் ஜன்னல் வழியே ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, செகண்ட் கியரில் போட்டு விட்டுப் பார்த்தால் வண்டி குலுங்கி நின்றதே தவிர உயிர் வரவில்லை. தெருமுனை வரை போயாயிற்று. அப்போது உள்ளேயிருந்து அப்பா கேட்டார்:

''ஏண்டா, நானும் இறங்கித் தள்ளட்டுமா?''

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அழுகைதான் வந்தது. மூன்றாவது வீட்டுப் பையன் சத்தம் கேட்டு எழுந்து, தன் ஆட்டோவை எடுத்து வந்தான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், விடிகிற வரை படுக்க வைத்தார்கள். இதயத்தில் கோளாறில்லை, வயிற்று உபாதைதான் என்றார் டாக்டர். உபாதையின் பெயர் ராத்திரி சாப்பிட்ட உருளைக்கிழங்கு போண்டா. ஆனால், அது போண்டா என்று இரண்டு மணிக்கு யாருக்குத் தெரியும்?

புது பேட்டரி போடச் சொன்னார்கள். போட்டேன். அடுத்த முறை இரண்டு நாள் நிறுத்தியதும் அதுவும் மண்டையைப் போட்டது. அப்போதுதான் ஆபீஸில் ஒரு நண்பர், ''பேட்டர்ஸ் ரோட்ல ஒரு பாய் இருக்கார். கடையெல்லாம் கிடையாது. கேட்டா யாரும் காட்டுவாங்க'' என்றார்.

காட்டினார்கள். ஒரு சீட் கவர் கடை ஷட்டர் ஓரம், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, லுங்கி, தோளில் ரெக்ஸின் பை. நான் மூன்று வியாதியையும் வரிசையாகச் சொன்னேன். பாய் செட்டைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. ''பானெட்டைத் தூக்குங்க தம்பி'' என்றார்.

பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை மாட்டினார். சாவி கையில், விளக்கெல்லாம் ஆஃப். அதாவது வண்டி தூங்குகிறது. தூங்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

''கடிகாரம், செட் மெமரி எல்லாம் சேர்த்து 0.05 ஆம்பியருக்குள்ள நின்னா யோக்கியமான வண்டி. உங்க வண்டியப் பாருங்க.''

0.9 என்று காட்டியது.

பாய் மனக்கணக்கு போட்டார். இந்த வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர் அவர். மணிக்கு 0.9 வீதம் குடித்தால் ஒன்றரை நாளில் காலி. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிறு ராத்திரி இரண்டு மணி வரை எண்ணிப் பாருங்கள். எனக்கு வியர்த்தது. தினம் ஆபீஸ் போன நாட்களில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஈடுகட்டியிருக்கிறது, அதனால் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் அந்த ஞாயிறும் தப்பித்திருப்பேன்!

ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். 0.9 அசையவில்லை. ''அப்ப இந்தப் பெட்டிக்குக் கட்டுப்படாத ஆளு ஒருத்தன் இருக்கான்'' என்றவர், பேட்டரியிலிருந்து நேராக ஆம்புக்குப் போகும் தடித்த ஒயரைத் தொட்டார். அதைக் கழற்றியதும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது.

குற்றவாளி ஆம்ப்தான். ஆனால் தூண்டிவிட்டவன் வேறு. செட்டை வெளியே இழுத்தார். பின்னால் கலர் கலராக ஒயர்கள். எந்தக் கம்பெனி செட் வாங்கினாலும் பெரும்பாலும் இதே கலர்தானாம். மஞ்சள் எப்போதும் கரன்ட் உள்ளது, மெமரிக்கு. சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். வெள்ளைக் கோடு போட்ட நீலம், 'முழிச்சிக்கோ' என்று ஆம்புக்குச் சொல்வது. செட் போட்டால் நீலம் ஆம்பை எழுப்பும், அணைத்தால் தூங்க வைக்கும். நமது முன்னாள் ஓனரின் கைங்கரியத்தில், ஆம்பின் நீல ஒயர் மஞ்சளோடு முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே, ஆம்ப் ராத்திரி பகலாகக் கண் விழித்திருக்கிறது. சிவராத்திரி, வருஷம் முழுக்க!

நான் அதோடு முடிந்தது என்று பர்ஸை எடுத்தேன். பாய் அந்தத் தடித்த ஒயரை விடவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனவர், பேட்டரி பக்கத்து ஃபியூஸ் கூட்டைத் திறந்தார். பேச்சை நிறுத்திவிட்டார்.

உள்ளே ஃபியூஸ் கருகிக் கிடந்தது. அதன் மேல் சிகரெட் பாக்கெட் ஈயத்தாள் சுற்றியிருந்தது.

''ஏன் எரிஞ்சதுன்னு பார்க்கல. எரியாம இருக்க வழி பார்த்திருக்கான்'' என்றார். ஒயர் எஞ்சின் பக்கமிருந்து உள்ளே நுழையும் தகரத் துளையில் ரப்பர் புஷ் இல்லை. தகர விளிம்பில் உரசி உரசி ஒயரின் தோல் தேய்ந்து, உள்ளே கம்பி பல்லிளித்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது பாடியைத் தொட்டிருக்கும். தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் இருந்தால் அது செத்து ஒயரைக் காப்பாற்றும்.

''எல்லாரும் ஃபியூஸ் செட்டைக் காப்பாத்தன்னு நெனக்கிறாங்க தம்பி. அது ஒயருக்கு. அதான் பேட்டரியிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும்கிறது. இந்த ஒயர் எங்க போவுது பாருங்க.''

பார்த்தேன். இடது பக்க மேட்டுக்கு அடியில், பின் சீட்டை ஒட்டி, டிக்கிக்கு. பின் சீட்டில் இடது ஓரம் என் பெண்ணின் இடம். ஆறு வயசு. ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டு வாங்கியது. மூன்று வாரமும் ஈயத்தாளை நம்பி நாங்கள் ஊர் சுற்றியிருக்கிறோம். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பாய் டீ சொன்னார்.

மதியத் தொழுகைக்குப் போய்வருவதாகச் சொல்லி, ஒரு சீட்டில் சாமான் எழுதிக் கொடுத்தார். ''ஒயரை வாங்கறப்ப முனையில பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளேயும் சிவப்பா இருந்தா செம்பு. வெள்ளையா இருந்தா அலுமினியத்துக்குச் செம்பு முலாம். வெளிய வெள்ளை, உள்ள சிவப்புன்னா ஈயம் பூசின செம்பு, தாராளமா வாங்கலாம்.''

சாமான் எல்லாம் இதே ரோட்டில் கிடைக்கும். ஆனால் எனக்கு அந்த மீட்டர் மேல் ஆசை வந்துவிட்டது. மவுண்ட் ரோட்டைத் தாண்டி ரிட்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். அந்தத் தெருவில் ஒரு மனிதன் நிற்க முடியாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் நகர்த்துவார்கள். ஒற்றை ரெசிஸ்டர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தேடிக் கொடுக்கும் கடை அங்கே உண்டு. டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி, எக்ஸ்-ரே எடுத்த டாக்டர் மாதிரி திரும்பி வந்தேன்.

வந்ததும் என் முதல் வைத்தியம். ஆம்பின் பிளஸ்ஸில் முள்ளை வைத்தேன். 12.4 வோல்ட். ''பாய், ஒயர் ஓகே!''

பாய் பையிலிருந்து இரண்டு ஒயர் சேர்த்த இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து அதே இடத்தில் கொடுத்தார். பல்பு அழுது வடிந்தது. என் மீட்டர் 9.5-க்கு விழுந்தது.

''மீட்டர் கரன்ட் குடிக்காது தம்பி. ஒத்தை நூல்ல ஒட்டிக்கிட்டிருந்தாலும் 12 காட்டும். வேலை கொடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.''

எங்கள் ஆபீஸில் சிலரைப் பற்றி நானும் இதையே நினைத்ததுண்டு.

மேட்டைத் தூக்கினால், நடு வழியில் ஒட்டுப் போட்ட இடம். சால்டரிங் இல்லை, வெறும் முறுக்கு, மேலே இன்சுலேஷன் டேப். பிரித்தால் பச்சைப் பூசணமாகக் களிம்பு. வண்டி 2015 வெள்ளத்தில் முங்கியதோ என்னவோ, விற்றவருக்கே வெளிச்சம். அதுதான் இரண்டாவது வியாதி. பாஸ் அடிக்கும்போது ஆம்ப் அதிகம் கேட்கும், ஒட்டில் வோல்ட் விழும், ஆம்ப் பயந்து அணைந்துவிடும்.

பழைய ஒயரை உருவிப் போட்டு, புதுச் செம்பு ஒயர், துளையில் ரப்பர் புஷ், பேட்டரி பக்கத்தில் 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ். நீலம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. இப்போது ஆம்ப் அணையவில்லை. விசில் மட்டும் விடவில்லை.

''பாட்டு ஓடட்டும். ஒரு முள்ளை பேட்டரி மைனஸ்ல வைங்க, இன்னொண்ணு ஆம்ப் எர்த்ல'' என்றார் பாய். இரண்டும் ஒரே எர்த் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.8 வோல்ட் வந்தது. டிக்கியில் எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே ஒரு தகர ஸ்குருவால் முறுக்கியிருந்தார்கள். பெயின்டைச் சுரண்டி, பளபள தகரத்தில் லக் வைத்து போல்ட் போட்டார். 0.05. ஆல்டர்னேட்டர் கரன்ட்டில் எப்போதும் லேசாக ஓர் அலை இருக்குமாம். செட்டின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், அந்த அலை சிக்னல் ஒயரில் ஏறிப் பாட ஆரம்பித்துவிடும். மிச்சமிருந்த கீச்சுக்கு, சிக்னல் ஒயரை வலது பக்கமாகப் பிரித்துக் கொண்டுபோனார். விசில் போயிற்று.

கிளம்பும்போது, ''எப்படியும் 1200 வாட்ஸ் ஆம்ப் பாய்'' என்றேன், கொஞ்சம் பெருமையாக.

பாய் அதன் முதுகைக் காட்டினார். 25 ஆம்பியர் ஃபியூஸ். ''25-ஐ 13.8-ஆல பெருக்குங்க. 345 வாட்ஸ்தான் உள்ளாற போவுது. அதுல பாதிகிட்ட சூடாப் போயிடும். வெளிய 1200 வர இது என்ன, ரேஷன் கடையா மளிகைக் கடையா, எழுதினது ஒண்ணு போட்டது ஒண்ணா இருக்க!''

கூலி எண்ணூறு ரூபாய். ஜி-பே வேண்டாம் என்றார். கொடுத்தேன். எனக்கு அது போதவில்லை என்று பட்டது, அவருக்குப் போதும் போல.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மீட்டரை மாட்டி 0.03 காட்டினேன். தலையாட்டினார். ''இனிமே ரெண்டு வாரம் நின்னாலும் ஸ்டார்ட் ஆகும்பா'' என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

ஆனாலும் தினம் ராத்திரி பத்து மணிக்கு, சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு கீழே போகிறார். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, அணைத்துவிட்டு வந்து படுக்கிறார்.