நிணநீரும் தீட்டும்

என் பெரியாத்தாளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏரல் கடைத்தெருவில் அவள் 'ஆனைக்காலி'. எங்கள் தெருவில் 'கும்மோணத்துக்காரி'. காட்டப் போன ஆஸ்பத்திரிகளில் 'அந்தக் கால் கேஸ்'. அந்தக் காலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். தலித் உடல் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. உடல் என்ற சொல் வராத கருத்தரங்கே இல்லை. ஆனால் வீங்கிப் போய், விரலிடுக்கில் நீர் கசிந்து, நாற்றமடிக்கிற ஓர் உடலைப் பற்றி எந்த அமர்விலும் பேச்சு வந்து நான் பார்க்கவில்லை.

அவளை 1983இல் கும்பகோணம் பக்கம் ஒரு டவுனில் கட்டிக் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்குத் துப்புரவு வேலை. அருந்ததியர் வீட்டுப் பையனுக்குக் கேட்காமலே கிடைக்கிற வேலை அது ஒன்றுதானே. சாக்கடை வாய்க்கால் கரையில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஊர்க் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். போகும் என்று சொல்லக்கூடாது, நிற்கும். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கரையில் குடித்தனம் பண்ணிவிட்டு, 2005இல் பெரியப்பா செத்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடும் வீங்கின இடது காலோடும் ஏரலுக்குத் திரும்பி வந்தாள்.

யானைக்கால் நோயைப் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. அழுக்குத் தண்ணீரில் முட்டையிடுகிற கொசு அது. அது கடிக்கும்போது உள்ளே போகிற புழு வளர்ந்து, நூல் மாதிரி ஆகி, நம் நிணநீர் நாளங்களுக்குள் ஆறேழு வருஷம் குடியிருக்கிறது. அது போடுகிற குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் மிதந்து வரும். அதனால்தான் சுகாதாரத் துறைக்காரர்கள் நடுச்சாமத்தில் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். ஒரு முக்கியமான சங்கதி, ஒரு கடி, ரெண்டு கடியில் இந்த நோய் வருவதில்லை. வருஷக்கணக்கில், ராத்திரிக்கு ராத்திரி, ஆயிரக்கணக்கான கடி வாங்க வேண்டும். அந்த ஊருக்கு மகாமகம் பார்க்கப் போய்வந்தவனுக்கு வராது. வாய்க்கால் கரையிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு வரும்.

ஆனால் ஊர் இதை வேறு மாதிரிச் சொல்லும். "போன சென்மத்துல யாரையோ காலால எத்திருப்பா." எங்கள் தெருவிலேயே இப்படிச் சொன்ன கிழவிகள் உண்டு. வெள்ளைக்காரனும் இதில் குறைந்தவன் இல்லை. 1580களில் கோவாவில் இருந்த லின்சோட்டன் என்ற டச்சுக்காரர், மயிலாப்பூரில் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்தில் பிறப்பவர்களுக்குத்தான் ஒரு கால் யானைக்கால் மாதிரி ஆகிறது என்ற கதையைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரில் இருந்து வந்ததைப் பிறப்பில் கொண்டுபோய் ஒட்டுகிற இந்த வேலை நமக்குப் புதுசு இல்லையே.

கொசுவுக்கும் புழுவுக்கும் உள்ள உறவை 1877இல் கண்டுபிடித்தவர் பேட்ரிக் மேன்சன். சீனாவில் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த டாக்டர். வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குப் பட்டம். அவர் அதைக் கண்டுபிடித்தது எப்படி? தன்னுடைய தோட்டக்காரர் ஹின் லோ என்பவரின் ரத்தத்தில் புழு இருப்பது தெரிந்து, அவரைக் கொசுக்கள் இருக்கும் அறையில் தூங்க வைத்து, காலையில் அந்தக் கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். பாடப்புத்தகத்தில் மேன்சன் படம் இருக்கும். ஹின் லோவுக்குப் பிற்பாடு என்ன ஆச்சு என்று யாரும் எழுதவில்லை.

எனக்கு விஞ்ஞானப் படிப்பு கிடையாது. எம்.ஏ. தமிழ். நிணநீர் என்றால் என்னவென்று பெரியாத்தாளுக்காகத்தான் படித்தேன். அவளுக்கு நான் சொன்னது இது. ரத்தத்தை ஓட்ட இருதயம் இருக்கிறது. ரத்தக்குழாயில் இருந்து கசிந்து சதைக்குள் தங்குகிற நீரைத் திரும்ப எடுத்துப் போகத் தனியாகச் சின்னச் சின்ன நாளங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ரெண்டு முதல் நாலு லிட்டர் வரை அந்த வழியில் போய், இடது கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் மறுபடி ரத்தத்தில் சேர்கிறது. இதை ஓட்ட இருதயம் கிடையாது. நாளத்தின் சுவரே சுருங்கி விரியும். நாம் நடக்கும்போது சதை பிழியும். மூச்சு இழுத்து விடும்போது நெஞ்சு உறிஞ்சும். திரும்பி ஓடாமல் இருக்க வழிநெடுக வால்வுகள். புழு குடியிருந்த நாளம் தொளதொளத்துப் போய் வால்வு கெட்டுவிடும். அப்புறம் நீர் காலிலேயே தேங்கும்.

பெரியாத்தா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மடை அடைச்சுக்கிட்டா வயல் முங்கத்தான செய்யும். இதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஊர்க்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவளை எத்தனையோ டாக்டர்களிடம் காட்டியிருக்கிறோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே பேனா முனையால் காலைச் சுட்டி, "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். பேனா கூடக் காலில் படவில்லை. சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். "இதெல்லாம் குணமாகாதும்மா. கால அதிகம் நனைக்காத" என்றார். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் சுத்தப் பொய் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்து மிஷின். 2019இல் தூத்துக்குடியில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் நிணநீரை வடிக்கிற மிஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூட்டிப் போனேன். பார்க்கப் பெரிய காலுறை மாதிரி இருக்கும், தொடை வரைக்கும். உள்ளே அடுக்கடுக்காகக் காற்றுப் பைகள். சின்னப் பெட்டி ஒன்று காற்றை அடித்து, பாதத்துப் பையை முதலில் நிரப்பி, பிறகு கணுக்கால், கெண்டை, முழங்கால், தொடை என்று வரிசையாக மேலே ஏற்றி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி பாதத்தில் ஆரம்பிக்கும். முக்கால் மணி நேரம். ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய், பெரியாத்தாளுக்கு ரெண்டு நாள் கூலி. அங்கே இருந்த பையன் கையுறை போட்டிருந்தான். உறையை அவளிடம் நீட்டி, "நீங்களே மாட்டிக்கோங்க" என்றான். அவன் எல்லாரிடமும் அப்படித்தானா என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு அவனே மாட்டிவிட்டான்.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் பெரியாத்தா கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்குதா என்று கேட்டேன். "வலிக்கல மக்கா. யாரோ கால் அமுக்கிவிடுத மாதிரி இருக்கு. இதுக்குச் சாதி தெரியாதுலா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாளில் கெண்டைச் சுற்றளவு ஐம்பத்தெட்டு சென்டிமீட்டரில் இருந்து ஐம்பத்தைந்து ஆனது. அடுத்த ஒரே வாரத்தில் பழையபடி ஐம்பத்தெட்டு. ஏன்? மிஷின் தண்ணீரைத் தள்ளுகிறது. தள்ளிய கையோடு கால் மறுபடி நிறையாமல் இறுக்கிப் பிடிக்கக் கட்டுத்துணி சுற்ற வேண்டும், அல்லது அழுத்தக் காலுறை போட வேண்டும். அதை அவர்கள் சொல்லவும் இல்லை, சுற்றிவிடவும் இல்லை. சுற்றுவதென்றால் காலைத் தொட வேண்டுமே. இன்னொன்று, இடுப்பிலும் தொடை மூலத்திலும் வழி ஏற்படுத்தாமல் கீழே இருந்து தள்ளினால் நீர் தொடை மூலத்திலோ பிறப்புறுப்பிலோ போய்த் தேங்கவும் கூடும். எங்கள் ஆட்கள் வாய்க்கால் தூர் வாரும்போது கடைமடையில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். மேலே வெட்டிவிட்டால் கீழே வீடு முங்கும். கையால் நிணநீர் வடிக்கத் தெரிந்தவர்களும் அப்படித்தான், முதலில் கழுத்து, வயிறு, தொடை மூலம், கடைசியில்தான் பாதம். மிஷின் போடுவதாக இருந்தாலும் முதலில் கை அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். மிஷினைக் குறை சொல்ல மாட்டேன். அது செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தொடாமல் இருக்க ஒரு சாக்காக அதை வைத்துக்கொள்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கைவைத்தியத்தை உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் ஃபோடர், எஸ்திரித் ஃபோடர் என்ற தம்பதி. 1930களில் பிரான்சில் வேலை பார்த்தார்கள். சளிபிடித்து வருகிறவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைப் பார்த்து அந்த இடத்தை மெதுவாகத் தடவிவிட ஆரம்பித்தார்கள். நிணநீர்க் கணுவைத் தொடவே கூடாது என்பதுதான் அப்போது மருத்துவர்கள் மத்தியில் இருந்த கட்டுப்பாடு. அதை மீறித்தான் இந்த முறை வந்தது; 1936இல் பாரிசில் அறிமுகப்படுத்தினார்கள். இதில் அமுக்கிப் பிசைவது கிடையாது. நாளங்கள் தோலுக்கு ஒட்டினாற்போல இருப்பதால் தோலை லேசாக நகர்த்தினாலே போதும், ஒரு பச்சைப்பிள்ளையைத் தடவுகிற அளவு.

அதை விடவும் எளிசானது, காலைத் தினம் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது. வெடிப்பிலும் சேற்றுப்புண்ணிலும் களிம்பு போடுவது. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தூக்கி வைப்பது, கணுக்காலை ஆட்டுவது, ஆழமாக மூச்சு விடுவது, செருப்பு போடுவது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான். கேரளத்தில் காசர்கோட்டில் இருக்கிற அப்ளைடு டெர்மட்டாலஜி நிறுவனம் கழுவுதல், ஆயுர்வேதம், யோகாசனம், கட்டுத்துணி எல்லாவற்றையும் சேர்த்து வைத்தியம் செய்கிறது. தோலில் இருக்கும் வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தால் குளிர் காய்ச்சல் வரும், நெறி கட்டும், கால் நெருப்பாகச் சிவக்கும். ஒவ்வொரு காய்ச்சலும் இன்னும் கொஞ்சம் நாளங்களை அடைத்துவிட்டுத்தான் போகும். கால் பெருப்பது இப்படித்தான். ஆக வைத்தியத்தின் முதல் மருந்து தண்ணீர்.

தண்ணீர்! எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும், வீட்டுக்கு நாலு குடம். ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் படித்துறைக்குப் படித்துறை ஆட்கள் உண்டு. எங்கள் துறையிலேயே, "ஏட்டி, அந்தக் கால இதுல முக்காத" என்று சொல்லி அவளைக் கீழே தள்ளி இறங்கச் சொன்னவர்கள் நம் ஆட்கள்தான். ஊர் நம்மைத் தள்ளி வைக்கிறது, நாம் நமக்குள் ஒருத்தியைத் தள்ளி வைக்கிறோம். அந்தக் கால் யாரிடமும் ஒட்டாது. ஒட்ட வைக்கக் கொசு வேண்டும். அதுவும் ரத்தத்தில் புழுக்குஞ்சு இருந்தால்தான். வீக்கம் கண்டு நாளான பலருக்கு ரத்தத்தில் குஞ்சே இருக்காது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போனது. பெரியாத்தா முழங்கால் தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க நின்றாள். அந்தத் தண்ணீரில் என்ன கிடந்தது என்று எங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் பற்கள் கிடுகிடுத்துக் காய்ச்சல் வந்தது. தொடை வரைக்கும் சிவந்து, தொட்டால் அலறினாள். நிவாரண முகாமில் அரிசி இருந்தது, பாய் இருந்தது. ஆன்டிபயாடிக் கிடைக்க ரெண்டு நாள் ஆனது. யாரோ நல்ல மனசுக்காரர் மிஷின் வைக்கக் கூட்டிப் போகலாம் என்றார். காய்ச்சலும் சிவப்பும் இருக்கும்போது மிஷினும் கூடாது, தடவவும் கூடாது என்று நான் தடுத்தேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எழுத மாட்டேன். தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் வந்தது. 2004 முதல் நாடு முழுக்க, நோய் பரவும் மாவட்டங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். நோய் முற்றியவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாத உதவித்தொகை முதலில் 400 ரூபாயாக இருந்து பிறகு 1000 ஆனது. காலைக் கழுவப் பேசின், மக்கு, சோப்பு, துண்டு, களிம்பு என்று ஒரு பையும் கொடுக்கிறார்கள். மாத்திரை பரவுவதை நிறுத்துகிறது, அது பெரிய காரியம்தான். ஆனால் 'ஒழிப்பு' என்று கணக்கு எழுதும்போது ரத்தத்தில் இருக்கும் புழுவைத்தான் எண்ணுகிறார்கள். வீங்கிப்போன கால் பாட்டுக்கு வீங்கியே இருக்கிறது.

நம் இயக்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலக்குழி மரணங்களை எண்ணுகிறோம். 1993 சட்டம், 2013 சட்டம் என்று போராடுகிறோம். எண்ணத்தான் வேண்டும். குழிக்குள் செத்தவன் பெயர் துண்டறிக்கையில் வருகிறது. குழிக்கரையில் இருபத்திரண்டு வருஷம் சோறு பொங்கியவளின் கால் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு மிஷினும், அதோடு கூட, தொட்டுக் கழுவிக் கட்டுப் போடத் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும் என்று மனு எழுதி நாற்பது கையெழுத்து வாங்கினோம். மனு வாங்கிய அலுவலகத்தில் மிஷின் என்ற வார்த்தையின் கீழ் மட்டும் கோடு போட்டுக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் தெருவில் நாலு பெண்களுக்குக் கட்டுத்துணி சுற்றத் தெரியும். பாதத்தில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். பெரியாத்தா தனக்குத் தானே சுற்றிக்கொள்கிறாள். சுற்றளவு ஐம்பத்திரண்டில் நிற்கிறது.

போன மாசம் ஊர்த்தெருவில் இருந்து ஒரு ஆள் வந்தார். அவர் வீட்டம்மாவுக்கு மார்பில் புற்றுநோய், அறுவை செய்து அக்குளில் இருந்த கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துக் கை வீங்கியிருக்கிறது. எங்கேயோ கேள்விப்பட்டு வந்திருக்கிறார். "இருட்டினதுக்கு அப்புறம் பின்வாசல் வழியா வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார், பெரியாத்தாளைப் பார்க்காமல். திண்ணையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியாத்தாதான் பதில் சொன்னாள். "அவ கையத் தூக்கிக்கிட்டு இங்க வரச் சொல்லும் ஐயா. பகல்ல வரட்டும். இருட்டுல எனக்குக் கண்ணு தெரியாது."

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வரவில்லை. ஒரு உருளை கட்டுத்துணியைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டிக்குள் எடுத்து வைத்திருக்கிறாள்.