பழைய கபர்னே, எட்டுப் பேர்

அக்டோபர் 25, சனி

மதியம் அண்ணனோடு மான்ட்டே பெல்லோ மலைக்குப் போய் வந்தேன். குபர்ட்டினோவில் ஸ்டீவன்ஸ் கேன்யன் சாலையை விட்டுப் பிரிந்ததும் பாதை குறுகி, வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே வருகிறது. கொடிகளில் குலை ஒன்றும் இல்லை, இலைகள் மஞ்சளித்திருந்தன. இந்த ஊரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தினமும் இதே மலையைப் பார்த்தபடிதான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அலுவலகம் போகின்றன. உலகத்தின் சிறந்த கபர்னே ஒயின்களில் ஒன்று அதன் உச்சியில் விளைகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் மருத்துவராக இருந்த ஒசியா பெர்ரோனே என்ற இத்தாலியர் 1880களில் இங்கே நிலம் வாங்கித் திராட்சை வைத்தார். 1892இல் முதல் ஒயின். பிறகு மதுவிலக்கு வந்து எல்லாம் குலைந்துபோனது. 1959இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த சிலர் கூட்டாகப் பணம் போட்டு மலையின் ஒரு பகுதியை வாங்கினார்கள். அதுதான் இன்றைய ரிட்ஜ் ஒயின் நிறுவனம். அவர்களில் ஒருவர் சார்லி ரோசன். ‘ஷேக்கி’ என்ற புகழ்பெற்ற ரோபோ பிறந்த ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர். செயற்கை நுண்ணறிவில் முன்னோடியாக இருந்தவர்களுக்குத் திராட்சைத் தோட்டத்தின் மீதும் இத்தனை ஆசை இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கொடிகள் 400 மீட்டர் உயரத்தில் தொடங்கி 800 மீட்டர் வரை ஏறுகின்றன. மேலே களிமண்ணும் பச்சைப் பாறையும், அடியில் சுண்ணாம்புக்கல். பசிபிக் கடல் பக்கத்தில் இருப்பதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. நெடுநாள் தாங்குவதற்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு.

திரும்பும்போது அண்ணன் சொன்னார்: “தம்பி, அந்த 92 பாட்டில நான் தனியா உக்காந்து குடிக்கிறதுக்கு வைக்கல. நீ ஒரு நாள் சொல்லு. நாலு பேரக் கூப்பிடு. சமையல் உன் பொறுப்பு.” நவம்பர் 8 என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

நவம்பர் 5, புதன்

நான்கு பாட்டில்களும் வந்து சேர்ந்துவிட்டன. அண்ணனுடைய 1992 ரிட்ஜ் மான்ட்டே பெல்லோ. மதுரைக்கார நண்பர் கொண்டுவந்த 1996 ஷாத்தோ லின்ச்-பாஜ், போர்தோவின் போயாக் பகுதியைச் சேர்ந்தது. என்னுடையது 2001 கோரிசன், கலிஃபோர்னியாவின் நாப்பாவைச் சேர்ந்தது. இன்னொரு நண்பர் தந்ததும் நாப்பாதான், தொண்ணூறுகளின் கடைசி.

இதுவரை படுக்கையில் இருந்தவற்றை இன்று நிமிர்த்தி வைத்தேன். படுக்கவைத்தால் தக்கை ஈரமாக இருக்கும், சுருங்காது, காற்று புகாது. ஆனால் ஊற்றப் போகும் நேரத்தில் வண்டல் அடியில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் கலங்கிவிடும். நிமிர்த்திய பாட்டிலில் அது இறங்கி உட்கார இரண்டு மூன்று நாள் வேண்டும்.

அந்த வண்டல் என்ன என்று பலர் கேட்பதுண்டு. அழுக்கு என்று நினைத்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. இளம் கபர்னேயில் துவர்ப்புக்குக் காரணமான டானினும், நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனினும் தனித்தனியாக மிதக்கின்றன. ஆண்டுகள் போகப் போக அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகின்றன. கனம் கூடியதும் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் படிகின்றன. அதனால்தான் ஊதா நிறம் செங்கல் நிறமாகிறது, வாயைப் பிடித்த துவர்ப்பும் தளர்கிறது. பாக்கை மென்றவுடன் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, இளம் கபர்னே அப்படித்தான் இருக்கும்: டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. முப்பது வருடத்தில் அந்த இழுப்பில் பெரும்பகுதி பாட்டிலின் அடியிலேயே தங்கிவிடுகிறது. பழ வாசம் பின்னே போய், தேவதாரு மரம், புகையிலை, தோல், உலர்ந்த இலை என்று வேறு வாசங்கள் முன்னே வருகின்றன.

நான் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் களைக்காத விஷயம் இது: பழைய ஒயின் பலமான ஒயின் கிடையாது. வயது ஏற ஏற அது மென்மையாகிறது, நுணுக்கமாகிறது. அதன் குரல் தாழ்ந்துவிடுகிறது. விருந்து வைப்பவனின் வேலை அந்தக் குரல் கேட்கும்படி மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைப்பதுதான்.

அதனால் சாப்பாட்டில் கடுமையாக இருக்கப் போகிறேன். மிளகாய் கிடையாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், மிச்சமிருக்கும் துவர்ப்பையும் முரடாக்கும். புளி கிடையாது, ஒயினின் புளிப்பை அது விழுங்கிவிடும். மிளகு உண்டு, அளவாக. ஆட்டுத் தொடையைப் பூண்டு, நுணுக்கிய மிளகு, தோட்டத்து ரோஸ்மேரியோடு குறைந்த சூட்டில் நான்கு மணி நேரம் வேகவிடுவேன். சைவக்காரர்களுக்குச் சேனைக்கிழங்கை வெண்ணெயில் மொறுகலாக வறுத்து மிளகு தூவித் தருவதாக உத்தேசம். பழைய கபர்னேக்குக் காளானைப் போல் ஒத்துப்போவது வேறு எதுவும் இல்லை; இரண்டிலும் மழைக்குப் பிந்தைய காட்டு மண்ணின் வாசம் இருக்கிறது. எனவே வதக்கிய காளான் முதல் தட்டு. ரொட்டி, கொஞ்சம் முதிர்ந்த கோம்தே சீஸ். ஊதுவத்தி கூடாது, மல்லிகைப்பூ கூடாது, சென்ட் போட்டு வர வேண்டாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வரிசையைப் பற்றி மதுரைக்காரரோடு போனில் நீண்ட விவாதம். “மாப்ள, பழச முதல்லயே ஊத்திட்டா அப்புறம் என்ன இருக்கு? கச்சேரில நல்ல உருப்படிய நடுவுலதான பாடுவாங்க?” என்றார். இளசில் தொடங்கிப் பழசில் முடிப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். போர்தோவிலும் அப்படிச் செய்பவர்கள் நிறைய. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2001இன் துவர்ப்பு நாக்கில் ஏறிய பிறகு 1992 தண்ணீர் மாதிரித் தோன்றும். அதைவிட முக்கியம், மூன்றாவது கிளாஸ் முடியும்போது எல்லோருக்கும் கொஞ்சம் தலை லேசாகியிருக்கும். முப்பத்து மூன்று வருடம் காத்திருந்த ஒன்றைத் தெளிந்த நாக்கோடும் தெளிந்த மனத்தோடும்தான் சந்திக்க வேண்டும்.

மதிப்பெண் தாள் அச்சடிக்கலாமா என்றும் கேட்டார். அதையும் மறுத்துவிட்டேன். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய ஒயின் போட்டியில் நடுவர்கள் இருபதுக்கு மதிப்பெண் போட்டார்கள். சிவப்பில் நாப்பாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம். போர்தோவின் மூத்தோன் ரோத்ஷீல்டும் ஓ-பிரியோனும் அதற்குப் பின்னே. நம் மலையின் 1971 ரிட்ஜ் ஐந்தாவது. கலிஃபோர்னியா ஒயின் இளமையில் மினுக்கும், வயதைத் தாங்காது என்று அப்போது சொன்னார்கள். அதே ஒயின்களை 2006இல், சரியாக முப்பது ஆண்டு கழித்து, லண்டனிலும் நாப்பாவிலும் மீண்டும் ஊற்றினார்கள். முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கு; ஐந்தாவதாக இருந்த 1971 ரிட்ஜ் முதலாவதாக வந்தது. இளமையில் கொடுத்த எண்ணைக் காலம் எப்படி மாற்றி எழுதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் மேசையில் எண் வேண்டாம், பேச்சு போதும்.

நவம்பர் 8, சனி, நள்ளிரவு

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஆறரைக்கு எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று. யாரும் வண்டி ஓட்டிப் போவதில்லை என்பது முன்பே பேசி வைத்தது.

1992இன் தக்கையைத் திருகாணியால் எடுக்கத் துணியவில்லை. பழைய தக்கை நடுவில் பொடிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட ‘ஆ-சோ’வைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே இறக்கி, மெதுவாகச் சுற்றி இழுத்தேன். முழுசாக வந்தது. பாட்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சம் வைத்து, ஒரே ஓட்டமாக டிகான்டர் குடுவையில் ஊற்றினேன். கறுப்பு இழை ஒன்று தோள் வரை நகர்ந்து வந்ததும் நிறுத்திவிட்டேன். 750 மில்லியில் வண்டல் போக ஆளுக்கு 85 மில்லிக்கு மேல் வராது. இளம் ஒயினைப் போல் மணிக்கணக்கில் திறந்து வைக்கவும் கூடாது. இந்த வயதில் வாசம் சீக்கிரம் பறந்துவிடும். உடனே ஊற்றினேன்.

முதலில் பெட்டிக்குள் பூட்டி வைத்த துணியின் மக்கல் மட்டும். பத்து நிமிடம் கழித்துத் திறந்தது. நடுவில் மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல். தேவதாரு, உலர்ந்த செர்ரி, சீவிய பென்சில். வாயில் புளிப்பு இன்னும் நேராக நின்றது. துவர்ப்பு பட்டும் படாமலும்.

எதிர்வீட்டு அக்கா குடிக்கவே மாட்டார். ஆனால் வாசம் பார்க்க வருகிறேன் என்று சொல்லி வந்திருந்தார். கிளாஸை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, “குடமிளகாய் நறுக்கின மாதிரி இருக்கே” என்றார். நாங்கள் யாரும் சொல்லாதது. மீண்டும் முகர்ந்தால், ஆமாம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பச்சை வாசம். மெத்தாக்ஸிபைரஸின் என்ற சேர்மம் தருவது அது; குடமிளகாயிலும் அதே சேர்மம்தான். குளிர்ந்த மலையில் பழுக்கும் கபர்னேயில் கொஞ்சம் மிஞ்சும். கபர்னே சோவின்யோனின் பெற்றோர் கபர்னே ஃபிரான்க்கும் சோவின்யோன் பிளானும் என்று டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரெடித்தும் ஜான் பவர்ஸும் மரபணு ஆய்வில் கண்டு 1997இல் வெளியிட்டார்கள். இந்த வாசம் தாய் தந்தை இருவரிடமும் உண்டு. கருஞ்சிவப்புப் பழத்துக்கு வெள்ளைத் திராட்சை ஒரு பெற்றோர் என்றதும் மேசையில் ஒருவரும் நம்பவில்லை.

அண்ணனின் மகள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்பா, இது நான் பொறந்த வருஷத்து பழமா? அப்பவே வாங்கினீங்களா?”

“பழம் நீ பொறந்த வருஷம். கடைக்கு வந்தது உனக்கு மூணு வயசுல. பீப்பாய்லயும் பாட்டில்லயும் இருந்துட்டுத்தானம்மா வெளிய விடுவாங்க.”

வாடகை வீட்டில் துணி அலமாரிக்குள் கிடந்தது, பிறகு 13 டிகிரிக் குளிரறை ஒன்றில் மாத வாடகைக்கு இடம் பிடித்து வைத்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். 2001இல் டாட்காம் சரிந்து வேலை போனபோது சேர்த்திருந்த மற்ற பாட்டில்களை விற்றுத்தான் சில மாதம் வீட்டு வாடகை கட்டியிருக்கிறார். “இதையும் கேட்டாங்க. குடுக்கல” என்றார். அந்த வருடம் அப்பாவுக்கு வேலை போனதே மகளுக்கு இன்று வரை தெரியாது. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போவீர்களே என்றாள். நூலகத்துக்கு என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் நாங்கள் யாரும் அடுத்த பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை. கடைசி கிளாஸாக, ஆட்டுக்கறிக்கும் சிரிப்புக்கும் நடுவே அதை ஊற்றியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

லின்ச்-பாஜ் 1996 முற்றிலும் வேறு. போர்தோவின் இடது கரையில் கபர்னே தலைதூக்கிய வருடம் அது. கறுப்பு, இறுக்கம், பென்சில் கரி. 1855இன் தரவரிசையில் ஐந்தாம் வகுப்பில் வைத்த இடம். இன்று அந்த வகுப்பை விலையும் மதிக்கவில்லை, நாக்கும் மதிக்கவில்லை. தொடைக்கறியோடு இன்னும் நன்றாக இருந்தது. கொழுப்பும் புரதமும் துவர்ப்பின் கூரை மழுக்கின. சேனைக்கிழங்கு வறுவலோடும் குறை சொல்ல முடியாதபடி பொருந்தியது.

மூன்றாவது பாட்டிலைத் திறந்ததும் அக்காதான் முதலில் தலையை ஆட்டினார்: “நனைஞ்ச அட்டைப்பெட்டி.” தக்கை நோய். பூஞ்சையும் குளோரின் சேர்மமும் சேரும்போது தக்கையில் உண்டாகும் டிசிஏ என்ற பொருள். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழ வாசம் முழுவதையும் மூடிவிடும். உடம்புக்குக் கேடில்லை, ஆனால் குடிக்க ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருடம் பாதுகாத்துத் தந்த நண்பரின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் வைத்திருந்த முறையில் எந்தக் குறையும் இல்லை. பாட்டிலில் இறுக்கிய நாளன்றே அதன் விதி முடிந்துபோயிருக்கிறது.

கோரிசன் 2001 அந்த வருத்தத்தை ஆற்றியது. நாப்பாவில் பலரும் பழத்தை மிகப் பழுக்கவிட்டு, ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் கேத்தி கோரிசன் அந்தப் பக்கம் போகவில்லை. அளவோடு பறித்தார், அளவோடு மரப்பீப்பாயில் வைத்தார். அதனால்தான் இருபத்து நான்கு வயதில் இத்தனை நளினம். சிவப்புப் பழமும் வயலெட் பூவும் இன்னும் இருக்கின்றன.

கிளாஸ்களை எடுத்த பிறகுதான் தயிர்சாதமும் மாவடுவும் வெளியே வந்தன. மாவடு ஜாடி அதுவரை அடுக்களை அலமாரியில் மூடியோடு இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

டிகான்டரை வெறும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தேன். சோப்பு வாசம் கண்ணாடியை விட்டுப் போகாது.

அண்ணனின் மகள் காலையில் கூப்பிட்டாள். அந்தக் காலிப் பாட்டில் வேண்டுமாம். மாலை வந்து எடுத்துக்கொண்டாள்.

மதுரைக்காரர் வரிசை விஷயத்தில் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை. 1992க்கு நான் சொன்னது சரி, ஆனால் 1996க்கும் 2001க்கும் அது பொருந்துமா என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். லின்ச்-பாஜில் அவரிடம் இன்னொரு பாட்டில் இருக்கிறது. பாரிஸ் போட்டிக்கு ஐம்பதாம் ஆண்டு நிறையும் மே 24 அன்று அவர் வீட்டில் சந்திப்பு. ஒரே ஒயினை முதலிலும் கடைசியிலும் பாதி பாதியாக ஊற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. சமையல் அவர் பொறுப்பு. மிளகாய் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டேன். அக்காவையும் கட்டாயம் கூப்பிடச் சொன்னேன்.